ஓடிலின் அப்பா உயிரோடு இருந்தார்

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்லுறன், பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ கோபித்திருக்க மாட்டாய். ஆனால் அந்தப் பக்கத்தில் நீ கொஞ்ச நேரம் வைக்காமல் நின்றது எனக்குத் தெரிந்தது. இப்போது யோசித்து முடித்துவிட்டேன். பதிலைப் போனில் சொல்ல ஏலாது. போனில் நான் எதையும் பாதியில் நிறுத்திவிடுகிறவன் என்று நீயே எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். அதுதான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் உனக்கு வாசிக்க நேரமெடுக்கும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நீ காருக்குள் இருந்து அழுது அழுது படித்த எழுத்துகள் இதற்காவது உதவட்டும். ஆறுதலாக இருந்து வாசி.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று முதலில் எழுதிவிடுகிறேன். உன் படத்தின் விளம்பர வேலைகளைப் பார்க்கிற அந்தப் பெண், நீ பரிஸ் நகரத்துக்குப் போவதற்கு முன்னம், ஒரு கமராக்காரரோடு ஹம்மில் எங்கள் வீட்டுக்கு வர விரும்புகிறா. நான் ஓட்டுகிற ரக்சிக்குப் பக்கத்தில் நிற்பதையும், சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்துவதையும் எடுக்க வேண்டும். பிறகு நான் கதிரையில் இருந்து உன் சித்தப்பா எப்படி இல்லாமல் போனார் என்று சொல்ல வேண்டும். அது படத்துக்கு உதவும், பரிசில் தொடங்கப் போகிற அடுத்த படத்துக்கும் உதவும் என்று நீ சொன்னாய். சொல்லும்போது உன் குரல் சின்னதாகிப் போனது. "அப்பா, உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் விடுங்கோ" என்று நீ இரண்டு தரம் சொன்னாய்.

அம்மாவிடம் சொன்னேன். அவ மறுப்பா என்றுதான் நினைத்தேன். நீ சட்டப் படிப்பை விட்டுவிட்டு நடிப்புப் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரம் மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவ அல்லவா. ஆனால் இப்போது, "ஒருக்காச் சொல்லிப் போடுங்கோவன். பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே. உங்களுக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்" என்றா. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு இத்தனை நாள் எடுத்தது.

என் பதிலைச் சொல்ல முன்னம் நான் உனக்கு பிரவ் லின்டமன் என்கிற அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ரக்சியில் வருகிற ஒரு வயதான அம்மா முந்தி பிரான்சில் நடிகையாக இருந்தவ என்று ஒரு நாள் உனக்குச் சொன்னேன். நீ "அப்பிடியோ" என்று கேட்டுவிட்டு ஒத்திகைக்கு ஓடிவிட்டாய். அவ போன மாரிக் குளிரில் இறந்துபோனா. இருக்கும்போதே என்னிடம் சொன்னா: "என்ர கதையை நீங்கள் ஆருக்கும் சொல்லலாம். அதால நோகிறதுக்கு இனி ஒருத்தரும் இல்லை." ஆகவே இந்தக் கடிதத்தை நீ விரும்பினால் யாருக்கும் வாசித்துக் காட்டலாம்.

ஹம்மில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தவ அவ. எண்பதைத் தாண்டிய, மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. சிறுநீரகம் கைவிட்டபடியால் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிசுக்குப் போகவேண்டும். நோயாளிகளை ஏற்றி இறக்குகிற ஓட்டம் எங்கள் ரக்சிக்காரருக்குக் கிடைத்தபோது அவ என் பங்குக்கு வந்தா. மற்றவர்கள் பின்னுக்கு ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவ முதல் நாளே முன்கதவைத் திறக்கச் சொன்னா. "ஒருத்தற்ர பிடரியைப் பார்த்துக் கதைக்க எனக்கு ஏலாது" என்றா. என் பெயரைக் கேட்டா. நான் வழக்கம்போல முதல் இரண்டு எழுத்தைச் சொன்னேன். "முழுக்கச் சொல்லுங்கோ." சொன்னேன். திருப்பிச் சொன்னா, பிழைத்தது. இன்னொருக்கால் சொல்லச் சொன்னா. டயாலிசிஸ் வாசலுக்குப் போய்ச் சேர முன்னம் என் பெயர் அவவின் வாயில் சரியாக உட்கார்ந்துவிட்டது. இத்தனை வருடம் ஜேர்மனியில் இருக்கிறேன், என் பெயருக்காக வேறு யாரும் அவ்வளவு பாடுபட்டதில்லை. நாங்கள் கதைத்தது டொச்சில், ஜேர்மன் பாஷையில். அவவின் டொச்சும் என் டொச்சும் வெவ்வேறு விதமாகப் பிழையாக இருந்தபடியால் இரண்டு பேருக்கும் கூச்சம் இருக்கவில்லை. இங்கே நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அவ நடிகை என்று கனகாலம் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் சாமான் தூக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சுவரில் ஒரு படம்கூட இல்லை. ஒரு நாள் ரேடியோச் செய்தியில், பிரான்சின் பழைய இயக்குநர் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். "நிப்பாட்டுங்கோ" என்றா. நான் கையை நீட்டினேன். "இல்லை, இருக்கட்டும்" என்றா. செய்தி முடிந்து பாட்டு வந்தது. "இந்த மனிசன்தான் என்ர பல்லுக்கிடையில போத்தல் தக்கையை வச்சுக் கதைக்கப் பழக்கினவர்" என்றா. ஏன் என்று கேட்டேன். "என்ர பேச்சில கரிச்சுரங்கம் கேட்டது. அவருக்குப் பரிஸ் கேக்க வேணுமாம்." அன்றைக்குத் தொடங்கின கதைதான். அவவை ஏற்றுகிற நாளெல்லாம், சிவப்பு விளக்குகளில் நின்று நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னா. திரும்பி வருகிற ஓட்டத்தில் களைத்துப்போய் இருப்பா, கதைக்க மாட்டா. அதனால் எந்தக் கதையும் அந்த இடத்திலேயே நின்று, அடுத்த தரம் போகும்போதுதான் தொடரும்.

அவ பிறந்தது பிரான்சின் வடக்கே, நிலக்கரிச் சுரங்கத்து ஊர் ஒன்றில். தாய் தகப்பன் போலந்துக்காரர். கரி வெட்ட வந்த சனம். வீட்டில் வைத்த பெயர் யாட்விகா. தாய் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டா. தகப்பன்தான் சமைத்து, தலை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர். பதினாறு வயதில் யாட்விகா சுரங்கத்தின் விளக்கறைக்கு வேலைக்குப் போனா. கீழே இறங்குகிற ஆட்களுக்கு விளக்கைத் துடைத்துக் கொடுப்பதும், ஏறி வருகிறவர்களிடம் வாங்கி வைப்பதும்தான் வேலை. "அது நல்ல வேலை" என்றா. "பின்னேரம் எல்லா விளக்கும் திரும்பி வந்தால் எல்லா ஆக்களும் திரும்பி வந்திட்டினம் எண்டு தெரியும். அப்பாவின்ர விளக்கை நான் கடைசியாத்தான் துடைப்பன்."

அந்த ஊருக்குப் படம் எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். சுரங்க முற்றத்தில் சனம் போய்வருவதை எடுத்தார்கள். யாட்விகா ஒரு தட்டு விளக்கோடு முற்றத்தைக் கடந்து போனா. பின்னேரம் இயக்குநர் விளக்கறைக்கு வந்து இந்தப் பிள்ளை யார் என்று விசாரித்தார். "அங்க நிண்ட எல்லாரும் கமராவைப் பார்த்தவையாம். நான் ஒருத்திதான் பார்க்காமல் நடந்தனாம். நான் பெரிய நடிகை எண்டதால இல்லை. எனக்கு வேலை பிந்திப் போயிருந்தது." இதைச் சொல்லிச் சிரித்தா. அவ அப்படிச் சிரித்துக் கண்டது அபூர்வம்.

பரிசுக்குக் கூட்டிப் போனார்கள். தகப்பன் மறுக்கவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சரிவராட்டில் திரும்பி வா, சரிவந்தால் திரும்பி வராத" என்று சொன்னாராம். தக்கை வைத்துப் பேசப் பழக்கினது, நடக்கப் பழக்கினது, கத்தி முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்கினது எல்லாம் ஒரு வருடத்துக்குள் முடிந்தது. யாட்விகா என்ற பெயரைச் சுவரொட்டியில் போட ஏலாது என்று ஓடில் என்று வைத்தார்கள். பெயரோடு ஒரு கதையும் வேண்டுமாயிருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளை, தாய் தகப்பன் இரண்டு பேரும் யுத்தத்தில் குண்டு விழுந்து இறந்தவர்கள், கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவ என்று தயாரிப்பாளரின் ஆட்கள் ஒன்றை எழுதிக் கொண்டுவந்து வாசித்தார்களாம். "நான் என்ன சொன்னனான் எண்டு கேளுங்கோ" என்றா என்னிடம். "'அம்மா செத்தது சரி' எண்டனான். அவ்வளவுதான் சொன்னனான். மற்றது பிழை எண்டு சொல்ல வாய் வரேல்லை. எனக்குப் பதினெட்டு வயசு. அந்த அறையில எல்லாரும் வடிவாக் கதைக்கிற ஆக்கள்."

படம் ஓடியது. அடுத்த படமும் ஓடியது. பெரிய வீட்டுப் பிள்ளை, நீதிபதியின் மனைவி, காதலனை இழந்த பணக்காரி என்று, நல்ல பேச்சுப் பேசுகிற பாத்திரங்கள்தான் எல்லாம். சஞ்சிகைகளின் அட்டையில் அவவின் முகம் வந்தது. சுரங்கத்து ஊரில் தகப்பன் புகையிலை வாங்குகிற கடையில் அந்தச் சஞ்சிகை தொங்கியது. அவர் வாங்கி வாசித்தார். தான் செத்துப்போனதை அதிலே வாசித்தார். ஊர்ச்சனத்துக்கு உண்மை தெரியும். ஆனால் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகள் விடுமுறைக்கு வர நினைத்தபோது தயாரிப்பாளரின் ஆட்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதையே சாட்டாக வைத்துக்கொண்டு தான் போகாமல் இருந்துவிட்டதாக அவ சொன்னா.

ஒருக்கால், வடக்கே ஒரு பெரிய பட்டணத்தில் படம் திறக்கிற விழா. தியேட்டர் வாசலில் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் சனம். அவ வெள்ளைக் கோட்டோடு காரால் இறங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தா. ஒரு சஞ்சிகைப் பக்கத்தை நீட்டின கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். கரி ஏறின நகம், பெருவிரலில் பழைய வெட்டு. நிமிர்ந்து பார்த்தா. தகப்பன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியுமாக நின்றார். பக்கத்தில் தயாரிப்பாளர், எதிரே பத்திரிகைக்காரர். அவ பேனையை எடுத்து அந்தப் பக்கத்தில் ஓடில் என்று எழுதினா. அவர் தொப்பியைத் தொட்டு, "நன்றி, மாட்மொசெல்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

இதைச் சொன்ன அன்றைக்கு நாங்கள் டயாலிசிஸ் வாசலில்தான் நின்றோம். நான் இறங்கிக் கதவைத் திறக்கவில்லை. அவவும் இறங்கவில்லை. தாதி வெளியே வந்து, என்ன, உடம்புக்கு ஏலாதோ என்று கேட்டா. "இல்லை, கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்று சொன்னா பிரவ் லின்டமன்.

பிறகு சில வருடங்கள் அப்படியே போயின. அவவின் பெயர் உச்சத்தில் இருந்த நேரம், வடக்கே ஒரு சுரங்கத்தில் விபத்து நடந்தது. கீழே வெடித்து நிறையப் பேர் அகப்பட்டுவிட்டார்கள். அது தகப்பன் வேலை செய்கிற சுரங்கம். அன்று முழுக்க அவ சுரங்க அலுவலகத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தா. அங்கே ஒரே பதில்தான்: குடும்பத்தாருக்கு மட்டும்தான் சொல்லுவோம், நீங்கள் யார்? அவ யார் என்று சொல்லுவா? ஓடில் என்றால் குடும்பம் இல்லை. யாட்விகா என்றால் ஓடில் இல்லை. சொல்லாமலே வைத்துவிட்டா. பின்னேரம் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. நேரே ஒளிபரப்பாவது. ஒத்துக்கொண்டதால் போனா. பேட்டி எடுத்தவர் மிகவும் மரியாதையான மனிதராம். "நீங்களும் சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்தவர். சுரங்கத்து ஊரில் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஆறுதலாய் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டார்.

"நான் வாயைத் திறந்தன்" என்றா. "வந்தது பரிஸ் பேச்சு இல்லை. எங்கட ஊர்ப் பேச்சு. 'என்னட்டை ஆறுதல் கேக்காதேங்கோ. என்ர அப்பா அங்க கீழ நிக்கிறார்' எண்டன். அவற்ர பேரைச் சொன்னன், என்ர பேரைச் சொன்னன். 'அவர் உயிரோட இருக்கிறாரோ எண்டு தெரிஞ்ச ஆராவது எனக்குச் சொல்லுங்கோ' எண்டன். அந்த ஆள் கடதாசியைப் பார்த்தார். அதில அடுத்த கேள்வி என்ர உடுப்பைப் பற்றி."

அடுத்த நாள் காலை ஊரில் போய் இறங்கினா. வாசலில் அயற்சனம் நின்றது. தகப்பன் குசினியில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்கு வேறு ஷிப்டில் இருந்திருக்கிறார். முதல்நாள் முழுக்க மற்றவர்களோடு சேர்ந்து மேலே சடலம் தூக்கியிருக்கிறார். மகளைக் கண்டதும் அவர் கட்டிப்பிடிக்கவில்லை. "ஏன் சொன்னனீ?" என்று கேட்டார். "நான் செத்தவனா இருந்து பழகிட்டன். இனி எல்லாரும் வந்து கதவைத் தட்டப்போறாங்கள்." அவ வாசலிலேயே நின்று அழுதா. "உள்ள வந்து அழு. குளிர் வருது" என்றார்.

அதற்குப் பிறகு அவவின் தொழில் இறங்கத் தொடங்கிவிட்டது. பொய்க்காரி என்று எழுதினார்கள். இரக்கமாக எழுதினவர்களும் இருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்ததாம். கதாநாயகி வேடம் நின்று, தோழி வேடம் வந்தது, பிறகு வேலைக்காரி வேடம். ஜேர்மனியில் ஒரு படத்துக்கு வந்த இடத்தில்தான் விளக்குப் போடுகிற லின்டமன் அவவுக்குப் பழக்கமானார். அவர் ஹம்காரர். கல்யாணம் முடித்து இங்கே வந்துவிட்டா. பிள்ளைகள் இல்லை. ஜேர்மன் தொலைக்காட்சி நாடகங்களில் வேற்றுநாட்டு அயல்வீட்டுப் பெண்ணாகக் கொஞ்சக்காலம் நடித்தா. "முந்தி என்ர பேச்சை மறைக்கச் சொல்லிக் கூலி தந்தவை. இஞ்ச அதைக் கூட்டிப் பேசச் சொல்லிக் கூலி தந்தவை" என்று சொன்னா.

மகள், இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டால், மறைத்தது பிழை, சொன்னது சரி, ஆகவே அப்பாவும் கமராவுக்கு முன்னால் இருந்து சொல்லத்தான் போகிறார் என்று நீ நினைப்பாய். அவவின் கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இதற்குப் பிறகு நடந்த ஒன்றை அவ எனக்குக் கடைசியாகத்தான் சொன்னா.

கல்யாணம் முடித்துச் சில வருடங்களுக்குப் பிறகு, பரிசிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்தார். பழைய ஆள் இல்லை, இளம் ஆள், நல்ல மனிதர். காலம் மாறிவிட்டது, இப்போது சனத்துக்கு உண்மையான கதைதான் வேண்டும் என்றார். தகப்பனை மறைத்த நடிகையின் கதை. அவவே அவவாக நடிக்க வேண்டும். தகப்பனும் தானாகவே வர வேண்டும், அதே குசினியில். அது அவவைத் திரும்பவும் மேலே கொண்டுபோயிருக்கும். அவ தகப்பனிடம் போய்க் கேட்டா. தகப்பனுக்கு அப்போது சுரங்கத் தூசியால் நெஞ்சு பழுதாகி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். "உனக்கு உதவும் எண்டால் எடு" என்று சொன்னார்.

எடுக்கத் தொடங்கினார்கள். குசினிக்குள் விளக்குப் பூட்டினார்கள். அவர் சஞ்சிகையில் தன் சாவை வாசிக்கிற இடம். அவர் கதிரையில் இருந்து அந்தப் பக்கத்தை விரித்தார். வாசித்தார். இத்தனை வருடத்தில் ஒருவரும் காணாத கண்ணீர் அவருக்கு வந்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும், வெளியே லொறி போன சத்தம் விழுந்துவிட்டது, இன்னொருக்கால் செய்வோம் என்றார்கள். இரண்டாம் தரம் இருமல் வந்து குழப்பியது. இருமல் நல்லாயிருக்கிறது, ஆனால் வாசித்து முடித்த பிறகு இருமுங்கள் என்று சொல்லி மூன்றாம் தரம் எடுத்தார்கள். மூன்றாம் தரம் அவர் அழுதார், சொன்ன இடத்தில் இருமினார். பிறகு கமராவுக்குப் பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு காணுமோ, ஓடில்?"

வாழ்க்கையில் ஒருநாளும் அவர் அவவை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லையாம். கையெழுத்து வாங்கின அன்றைக்குக்கூட இல்லை.

அவ விளக்குகளை நிறுத்தச் சொன்னா. எல்லோரையும் சாமானோடு வெளியே அனுப்பினா. அந்தப் படம் வரவில்லை. அதற்குப் பிறகு பிரான்சில் அவவை ஒருவரும் கூப்பிடவும் இல்லை. தகப்பன் சாகும்வரை மாதாமாதம் ரயிலேறிப் போய் அவரோடு இருந்துவிட்டு வந்தா. கடைசி மாதங்கள் முழுக்க அங்கேயே இருந்தா. அந்த நாட்களில் அவர், இளமையில் கீழே பட்ட பாட்டையெல்லாம் தானாகவே சொன்னாராம். குறிப்பெடுக்கவில்லை, பதிவு செய்யவில்லை. "எனக்குச் சொன்னார். நான் கேட்டன். அவ்வளவுதான்" என்றா. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னா: "முதல் அவரைச் செத்தவர் எண்டு சொன்னன். பேந்து உயிரோட இருத்தி வச்சு வித்தன். எது பெரிய பிழை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

நான் அவவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். உனக்கு முதல் படம் கிடைத்ததைச் சொன்னபோது, "கமராவைப் பார்க்கிற பிள்ளையோ, பார்க்காத பிள்ளையோ?" என்று கேட்டா. தெரியாது என்றேன். ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கோ என்றா. அதற்குள் மாரி வந்துவிட்டது. செத்தவீட்டுக்கு நானும் அம்மாவும் போனோம். அயல்வீட்டுக்காரர், இரண்டு தாதிமார், நாங்கள். ஹம்மில் ஒருவருக்கும் அவ ஓடில் என்று தெரியாது. அம்மா ஒரு பிடி வெள்ளைப் பூப் போட்டா. திரும்பி வரும்போது காருக்குள், "அந்த மனிசிக்கு உங்களை விட்டால் ஒருத்தரும் இல்லையோ" என்று கேட்டா.

போன மாதம் பத்திரிகையில் உன் பேட்டி வந்தது. தமிழ்க் கடையில் நிற்கும்போது கடைக்காரர்தான் போனில் எடுத்துக் காட்டினார். "அண்ணை, உங்கட மகள்" என்றார். யுத்தத்தில் தம்பியை இழந்த அப்பாவின் மௌனத்தில் இருந்துதான் நடிப்பைப் படித்தேன் என்று நீ சொன்னதாகப் போட்டிருந்தது. வடிவான வசனம். எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகச் சொல்லுகிறேன். ஆனால் கடையில் நின்ற சனம் அரிசி எடுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. அத்தனை நாளும் நான் ரக்சி ஓட்டுகிற அண்ணை. அதற்குப் பிறகு நான் தம்பியை இழந்த அண்ணை. இப்போது அந்தக் கடைக்குப் போவதில்லை; கொலோன் பட்டணத்துக்கு ஓட்டம் வந்தால் அங்கே இறங்கிச் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஆகவே, பிள்ளை, என் பதில் இதுதான். கமராவுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணிடம் அப்பாவுக்கு விருப்பமில்லை என்று நேரே சொல்லு, உடம்புக்கு வருத்தம் என்றோ வேலை என்றோ சாட்டுச் சொல்லாதே. அதனால் உனக்கு ஏதாவது கைநழுவிப் போகுமானால் அது எனக்கும் கவலைதான். அதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் ஹம்மில் ரக்சி ஓட்டுகிறேன், உயிரோடு இருக்கிறேன், உன் தொழிலைப் பற்றிப் பெருமைப்படுகிறேன் என்று நீ எங்கேயும் சொல்லலாம். சுவரொட்டியில் உன் பெயரோடு என் பெயரின் முன் இரண்டு எழுத்தை மட்டும் போட்டாய் என்று அம்மா மனவருத்தப்பட்டா. எனக்கு அதில் ஒன்றுமில்லை. நானே ரக்சியில் அப்படித்தான் சொல்லுகிறேன். படம் திறக்கிற அன்றைக்குக் கூப்பிட்டால் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உனக்குப் பக்கத்தில் நிற்பேன்.

சித்தப்பாவின் கதையை இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. கடிதம் கைமாறும். ஆனால் உனக்குச் சொல்லுவேன். நீ சின்னப்பிள்ளையாக வீட்டில் இருக்கிற அவனுடைய புகைப்படத்தைக் காட்டிக் கேட்ட நேரமெல்லாம் பிறகு, பிறகு என்று தள்ளிவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்தால்தான் நீ பாரமில்லாமல் வளருவாய் என்று நினைத்தேன். நீ அதையும் சேர்த்துத்தான் வளர்ந்திருக்கிறாய் என்று அந்தப் பேட்டியைப் பார்த்த பிறகு விளங்கியது. நான் சொன்ன பிறகு அது உன்னுடையது. என்றைக்கோ ஒரு படத்தில், வேறு யாரோ ஒரு பெண்ணாக நீ நிற்கும்போது, அது உன் முகத்தில் வந்தால் வரட்டும். அது உன் தொழில். எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன். படம் பார்க்கிற சனத்துக்கும் அது யாருடையது என்று தெரியவேண்டியதில்லை.

நீ பரிசுக்குப் போக முன்னம் வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓட்டம் இல்லை. விடியற்காலை ரயிலில் வா, நான் நிலையத்தில் நிற்பேன். அம்மா கோயிலுக்குப் போகிற நாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். முடிவிலிருந்து தொடங்க எனக்கு ஏலாது. அவன் சின்னவனாக இருந்ததிலிருந்துதான் தொடங்குவேன். பொல்லாத குழப்படிக்காரன் அவன். வாத்தியார்மாரின் நடை, எங்கள் அப்பாவின் இருமல், பஸ் கொண்டக்டரின் குரல் என்று எல்லாரையும் போல நடித்துக் காட்டுவான். பள்ளிக்கூடம் முழுக்க அவனைச் சுற்றித்தான் நிற்கும். முதல் ஒரு மணித்தியாலமும் நீ சிரித்துக்கொண்டுதான் இருப்பாய். நானும் சிரிப்பேன் என்று நினைக்கிறேன். அவனைப் பற்றிக் கதைத்துச் சிரித்துக் கனகாலம்.

அன்புடன்,
அப்பா